கெட்டித் தோட்டா

உக்காருங்கம்மா, இப்படி பெஞ்சு ஓரமா உக்காருங்க. ரைட்டர் சாப்பிடப் போயிருக்காரு. அவரு வந்து லைசென்ஸ் புஸ்தகத்தப் பாத்து, துப்பாக்கி நம்பரப் பாத்து, ரசீது எழுதிக் குடுக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். எலெக்சன் வந்துட்டா நம்மள மாதிரி ஆளுக எல்லாம் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு ஸ்டேசனுக்கு வந்துறணும். ஓட்டு எண்ணி முடிச்சப்புறம் வந்து திரும்ப வாங்கிக்கிறணும். நாப்பது வருசமா குடுக்குறதும் வாங்குறதுமாத்தான் இருக்கேன்.

உங்களது ரெட்டைக் குழலா? வீட்டுக்காரர் பேர்ல இருந்ததா. போன வருசம் தவறிட்டாரா, அடப்பாவமே. தோட்டத்துல பன்னித் தொல்லைன்னு உங்க பேருக்கு மாத்துனீங்களாக்கும். நல்லதுதாம்மா. போர்வையில சுத்திக் கொண்டாந்துருக்கீங்க, அதுவும் நல்லதுதான். பஸ்ஸுல பாக்குறவன் பயந்துக்கிருவான்.

என்ன, சிரிக்கிறீங்க? சிரிங்க சிரிங்க. என் துப்பாக்கியப் பாத்து எல்லாரும்தான் சிரிக்கிறாக. பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்குன்னு போன எலெக்சன்ல ஒரு கான்ஸ்டபிள் பையன் மூஞ்சிக்கு நேராவே சொன்னான். ஏழு மில்லிம்மா இது. குழல் ஓட்டையில ஒரு பென்சில் போகும், அம்புட்டுத்தான். ஆனா இதை வச்சு நான் மிளா மான் அடிச்சிருக்கேன், பன்னி அடிச்சிருக்கேன், காட்டுமாடும் அடிச்சிருக்கேன். அப்பல்லாம் பர்மிட் குடுப்பாங்க, அடிக்கலாம். இப்ப அடிச்சா உள்ள வச்சுருவான்.

நம்ப மாட்டேங்கிறீங்க. கேளுங்க, சொல்றேன். பெரிய துப்பாக்கி வச்சுருக்கவன் இருக்கான் பாருங்க, உலக்கை கணக்கா ஒண்ணைத் தூக்கிக்கிட்டுத் திரிவான். சுட்டா அவன் தோளுதான் மொதல்ல எறங்கும். அந்தப் பயத்துல கண்ணை மூடிக்கிட்டுச் சுடுவான். குண்டு மரத்துல போகும், மட்டையில போகும், மாடு மட்டும் நின்னு பாத்துக்கிட்டு இருக்கும். சின்னத் துப்பாக்கி உதைக்காதும்மா. உதைக்காததுனால கை நடுங்காது. கை நடுங்காததுனால நெனைச்ச எடத்துல விழும். மீதியைத் தோட்டா பாத்துக்கிரும்.

தோட்டாவுலதாம்மா சூட்சுமமே இருக்கு. ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு மெத்து. அதுக்கு மூக்குல ஈயம் வெளிய தெரியும். ஒடம்புல பட்டவொடனே காளான் மாதிரி விரிஞ்சுக்கிரும். மிளாவுக்கும் பன்னிக்கும் அதுதான். உள்ள போயி விரிஞ்சு அதே எடத்துல படுக்க வச்சுரும். இன்னொண்ணு கெட்டி. ஈயத்துக்கு மேல முழுக்கச் செம்புச்சட்டை போட்டிருக்கும். விரியாது. எலும்பைத் தொளைச்சு, நேரா நெஞ்சுக்கூட்டுக்குள்ள போயிரும். காட்டுமாட்டுக்கு அதுதான் வேணும். ஏன்னா அது தோளு இருக்கே, ஆறடி ஒசரத்துல பாறை மாதிரி. அதுல மெத்து போட்டா தோலுக்கும் சதைக்கும் நடுவுலயே விரிஞ்சு நின்னுபோகும். மாட்டுக்கு வலிக்கும். கோவம் வரும். சாகாது.

இது எனக்கு இருவத்தஞ்சு வயசுலயே அத்துபடிம்மா. கெட்டி வலது பையி, மெத்து இடது பையி. மாத்தி வச்சதே கெடையாது. அன்னைக்கும் மாத்தி வைக்கலை. அதைத்தான் சொல்ல வர்றேன், பையில மாத்தி வைக்கலை.

போடிமெட்டுக்கு மேல எங்க அப்பாவுக்குப் பத்து ஏக்கர் ஏலக்காத் தோட்டம். பக்கத்துத் தோட்டம் சௌந்தரபாண்டி மாமாவோடது, அது எம்பது ஏக்கர். மாமான்னா அப்ப ஒறவு கெடையாது, ஊரு மொறைக்கு மாமா. அவுக மகளை எனக்குக் கேட்டிருந்தாக எங்க வீட்டுல. அவுக பதிலே சொல்லலை. பத்து ஏக்கர்க்காரனுக்குக் குடுக்கவான்னு ஒரு யோசனை அவுகளுக்கு. அந்த வருசம் மாசி மாசம் ஒரு ஒத்தைக் காட்டுமாடு, கெழட்டுக் காளை, அவுக ஏலத்துல எறங்கி மிதிச்சுத் துவைச்சுக்கிட்டு இருந்துச்சு. பர்மிட் வாங்கிட்டாக. அவுககிட்ட உலக்கை கணக்காப் பெரிய துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு, ஆனா சுட்டாப் படாது. எங்க அப்பாகிட்ட வந்து, "உங்க பையன் சின்னத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு என்னமோ பெருமை பேசுறானாமே, வந்து காட்டச் சொல்லுங்க பாப்போம்"னாக. பொண்ணு பாக்க நாம போவோம், அவுக மாப்பிள்ளை பாக்க வந்தாக. அப்படித்தான் வச்சுக்கங்களேன்.

மாமாவும் நானும் போனோம், கூட சன்னாசி வந்தான். அவன் தடம் பாக்குறவன். மாமா தோட்டத்து லயத்துலதான், கூலியாளுக வரிசை வீட்டுல, குடியிருந்தான், ஏலம் காயப்போடுற ஸ்டோர்ல வேலை. ஆனா வேட்டைன்னா மூணு எஸ்டேட்டுக்காரனும் அவனைத்தான் கூப்புடுவான். அவன் ரத்தம் பாத்துச் சொல்வாம்மா. இலையில ஒரு சொட்டு கெடந்தாப் போதும். நுரையோட செவப்பா இருந்தா நெஞ்சுல பட்டிருக்கு, நூறு அடியில விழுந்துரும்பான். நுரையில்லாம கெடந்தா சதையிலதான் பட்டிருக்கு, தொடாதீங்க, உச்சி வெயில் எறங்கட்டும்பான். ஒரு தடவை தப்புனது கெடையாது. என்னைவிடப் பத்து வயசு மூத்தவன். நான் பேரு சொல்லித்தான் கூப்புடுவேன், அவன் என்னை மொதலாளிம்பான். அப்ப அப்படித்தான்.

விடிஞ்சு வெயில் ஏறுற நேரம், மேல ஏறிக்கிட்டு இருக்கோம். துப்பாக்கியில அஞ்சும் கெட்டி. நானே போட்டது. பாதி வழியில ஒரு மிளா நிக்கிது. மாமா என் தோளைத் தொட்டு, "கறிக்கு ஆகுமே மாப்பிள்ளை"ன்னாக. மாப்பிள்ளைன்னு அன்னைக்குத்தாம்மா மொதத் தடவையாக் கூப்புடுறாக. எனக்குக் காதுக்குள்ள என்னமோ பண்ணிருச்சு. மிளாவுக்குக் கெட்டி போட்டா தொளைச்சுக்கிட்டுப் போயிரும், மிளாவும் ஓடிரும்னு, அஞ்சையும் உருவிட்டு மெத்து அஞ்சு போட்டேன். நிமிந்து பாத்தா மிளாவைக் காணோம். மாமா சிரிச்சாக. நானும் சிரிச்சேன். நடந்தோம்.

திரும்ப மாத்தலை. மறந்துட்டேன். இது மனுசன் பண்ணுற தப்புதானம்மா? யாருக்கும் வரும். நீங்க அடுப்புல உப்பு போட மறக்குறதில்லையா? இதுக்காக யாரும் என்னைத் தூக்குல போட முடியாது. நான் இதுக்காக வெக்கப்படலை.

காளை, மாடுக மண்ணு நக்க வர்ற உப்புத்தரையில நின்னுச்சு. எம்பது அடி இருக்கும், பக்கவாட்டுல, படம் வரைஞ்சு வச்ச மாதிரி. முன்னங்கால் தோளுல, நடுவுல வச்சேன். சுட்டேன். குலுங்குச்சு. அப்புறம் திரும்பி, ஓடக்கூட இல்லை, நடந்து ஈத்தக்காட்டுக்குள்ள, அந்தச் சின்ன மூங்கில் பொதருக்குள்ள போயிருச்சு. மாமா என் முதுகுல தட்டுனாக. "அடி சும்மா ஆணி அடிச்ச மாதிரி. இந்தப் பொடித் துப்பாக்கியிலயா இம்புட்டு!" அப்படின்னாக.

நான் போல்ட்டை இழுத்தேன். காலித் தோட்டா வெளிய விழுந்துச்சு. அடுத்தது மேல ஏறி வந்துச்சு. மூக்குல ஈயம்.

அப்பவே தெரிஞ்சு போச்சு, அந்தக் காளை சாகலை, சாகப்போறதும் இல்லைன்னு. அதை எப்படிப் பாத்தேன், எம்புட்டு நேரம் பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும். திரும்பி நின்னுக்கிட்டு, தண்ணி குடிக்கிற மாதிரி குனிஞ்சு, மிச்சம் நாலையும் உருவிட்டுக் கெட்டி போட்டேன். மெத்தெல்லாம் இடது பைக்குள்ள போச்சு. ஒருத்தரும் பாக்கலை.

எங்க பக்கம் ஒரு பழக்கம். சுட்டவொடனே பின்னாடி ஓடக்கூடாது. தடம் பாக்குறவன் ஒரு பீடியப் பத்த வைப்பான். அது முடியிற வரைக்கும் எல்லாரும் உக்காந்துறணும், யாரும் பேசக்கூடாது. பீடி தீந்ததும் அவன் கேப்பான், சுட்டவன் சொல்லணும். எங்க பட்டுச்சு, எப்படிக் குலுங்குச்சு, என்ன தோட்டா. இது மூணையும் ஒளிக்காமச் சொல்லணும். சுட்டவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, அந்த நேரத்துல தடம் பாக்குறவன்தான் பெரியவன். அவன் போன்னா போகணும், இருன்னா இருக்கணும்.

சன்னாசி பீடியக் குடிச்சான். நான் எதிரதான் உக்காந்திருக்கேன். சொல்லிருவோம், சொல்லிருவோம்னு இருக்கு. என்ன ஆயிரும்? மாமா சிரிப்பாக. இவ்வளவு பேசுனவன் தோட்டாவ மாத்திப் போட்டுட்டான்னு போடிக் கடைத்தெரு பூராம் சொல்வாக. பொண்ணு கெடைக்காது. அம்புட்டுத்தான். உசுரா போகப்போகுது எனக்கு?

பீடிய அமத்திட்டுக் கேட்டான். "எங்க மொதலாளி பட்டுச்சு?" தோளுன்னேன். "எப்படிக் குலுங்குச்சு?" குனிஞ்சு நிமிந்துச்சுன்னேன். "கெட்டியா, மெத்தா?"

மாமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்காக.

கெட்டின்னேன்.

ஒரு வார்த்தைதாம்மா. சன்னாசி தலையாட்டிட்டு எந்திரிச்சான். உள்ள கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஈத்த இலையில ரத்தம். குனிஞ்சு விரல்ல தொட்டுப் பாத்தான். மோந்து பாத்தான். "நுரை இல்லையே மொதலாளி"ன்னான். அவனே யோசிக்கிறான். அப்புறம் அவனே சொல்றான், "கெட்டின்னா ஓட்டை சிறுசு, ரத்தம் வெளிய வராது, உள்ளயேதான் நெறையும். அப்ப சரிதான். நெஞ்சுலதான் பட்டிருக்கு, உள்ள விழுந்து கெடக்கும்." இப்படிச் சொல்லிக்கிட்டு நடந்தான். நான் சொன்ன பொய்யை வச்சு அவன் கண்ணை அவனே திருத்திக்கிட்டாம்மா. மெத்துன்னு நான் சொல்லிருந்தா அந்த எடத்துலயே உக்காந்துருப்பான். சாயங்காலம் வரைக்கும் உக்காந்துருப்பான். எங்களையும் உக்கார வச்சிருப்பான்.

தடம் பாக்குறவன் தரையப் பாத்துத்தான் போவான். எதிர என்ன வருதுன்னு சுட்டவன்தான் பாக்கணும். மூணடி பின்னால, துப்பாக்கிய அவன் தோளுக்கு மேல நீட்டிக்கிட்டுப் போகணும். நானும் பின்னாலதான் போனேன், மாமா எனக்கும் பின்னால. கொஞ்சம் தள்ளி இருந்தேன். சறுக்கல் பாருங்க, ஈத்தை வேற காலைத் தட்டுது. ஒரு பதினஞ்சு, இருவது அடி இருக்கும்.

காளை பக்கத்துல இருந்து வந்துச்சு. சத்தமே இல்லை. சன்னாசிய இடுப்புல குத்தித் தூக்கி அங்கிட்டுப் போட்டுச்சு. நான் ரெண்டு சுட்டேன். ரெண்டும் கெட்டி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல. அப்படியே மண்டி போட்டு விழுந்துச்சு. சொன்னேன்ல, எடம் பாத்து வச்சா ஏழு மில்லி போதும்னு. கை நடுங்கலை பாருங்க எனக்கு, அந்த நேரத்துலயும்.

என்ன பேச்சுப் பேசுறேன் நான். விடுங்க.

ஆளுகளைக் கூப்புட்டு, கம்புல போர்வையக் கட்டி அவனைக் கீழ தூக்கிட்டுப் போனாக. மாமாவும் கூடப் போனாக. நான் போகலை. காளைக்குக் காவல் இருக்கேன்னேன். எல்லாரும் வளைவு தாண்டுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்துட்டு, கத்திய எடுத்து அந்தத் தோளைக் கிழிச்சேன். ஒரு சாண் ஆழங்கூட இல்லை, ஈயம் விரிஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கறி அறுக்குறவன் கையில அது கெடைச்சிருந்தா அன்னைக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கும். நோண்டி எடுத்து ஓடையில போட்டேன். கையக் கழுவினேன். அங்கிட்டு அவன் கம்புல தொங்கிக்கிட்டு அம்மா அம்மான்னு கத்துறது மலையில திரும்பக் கேக்குது, நான் கையக் கழுவிக்கிட்டு இருக்கேன். இதை என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்லைம்மா. முப்பத்தெட்டு வருசம் கூட வாழ்ந்தா. மகராசி, தெரியாமலே போயிட்டா.

ஆமாம்மா, மாமா பொண்ணு குடுத்துட்டாக. அந்த நேரத்துலயும் நிதானமா ரெண்டு சூடு வச்சான்னு ஊரெல்லாம் சொல்லித்தான் குடுத்தாக.

சன்னாசி பொழைச்சான். ஆஸ்பத்திரியில நாலு மாசம். இடுப்பெலும்பு சேரலை, ஒரு காலு குட்டையாப் போச்சு. நான் பாக்கப் போனேன். எல்லாரும் அவன்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டாக, எப்படிடா ஒனக்கு ரத்தம் தப்புச்சுன்னு. ஊருல பேச்சு மாறிப்போச்சு. சன்னாசிக்குக் கண்ணு போச்சு, சின்ன மொதலாளி இல்லைன்னா மாமாவையும் சேத்துக் கொன்னிருப்பான்னு. நான் அப்படிச் சொல்லலைம்மா. சத்தியமா நான் சொல்லலை. சொன்னவகளை மறுத்தும் சொல்லலை.

அதுக்கப்புறம் அவனை ஒருத்தரும் கூப்புடலை. நடக்க முடியாதுங்கிறது ஒண்ணு. ஆனா நடக்க வேண்டாம், ரத்தம் பட்ட இலையைக் கொண்டாந்து காட்டுறோம், பாத்துச் சொல்லுன்னு ஒரு எஸ்டேட்டுக்காரர் கேட்டாரு. சன்னாசி கையைப் பின்னால கட்டிக்கிட்டானாம். "எனக்குத் தெரியாதுங்க, வேற ஆளக் கேளுங்க"ன்னுட்டானாம். அவனே நம்பிட்டாம்மா. ஊரு சொன்னது இருக்கட்டும், அவன் கண்ணு மேல அவனுக்கே நம்பிக்கை போச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லிருந்தா அது திரும்ப வந்திருக்கும்.

அவனை நான் கைவிட்டுறலை, அதையும் சொல்லிறணும். மாமாகிட்டப் பேசி தோட்டத்து கேட்டுல காவக்காரன் வேலை வாங்கிக் குடுத்தேன். உக்காந்தே பாக்குற வேலை. தீபாவளி தவறாம வேட்டி சேலை. மக ஒச்சம்மா கல்யாணத்துக்கு மொத ஆளாப் போயி நின்னேன். அந்தக் காலத்துல எந்த மொதலாளி லயத்துக் கல்யாணத்துல போயி பந்தியில உக்காந்தான்? நான் உக்காந்தேன். அவன் கண்ணுல தண்ணியா வந்துச்சு. எனக்குச் சோறு எறங்கலை.

இருக்கானாவா? இருக்கான்மா. சில்லமரத்துப்பட்டியில, மக வீட்டுல. இங்கிருந்து பஸ்ஸுல அரை மணி நேரம்.

போன மாசம் போனேன். சொல்லிறணும்னுதான் போனேன். எனக்கும் வயசாச்சு, அவனுக்கும் எம்பதை நெருங்குது. பஸ்ஸுல போகும்போதே வார்த்தையெல்லாம் கூட்டி வச்சுக்கிட்டுப் போனேன். சன்னாசி, அன்னைக்குப் போட்டது மெத்து, நான் பொய் சொன்னேன், ஒன் கண்ணு சரிதான். இம்புட்டுத்தான். மூச்சு விடாமச் சொல்லிட்டு அவன் துப்புனாலும் வாங்கிக்கிட்டு வந்துறணும்னு.

கட்டில்ல கெடந்தான். சுருங்கிப் போயிட்டான். என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான், முடியலை. ஒச்சம்மா ஸ்டூலைப் போட்டுட்டு, "நீங்களாச்சும் என்னான்னு கேளுங்கய்யா, ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறாரு, நுரை நுரைன்னு அனத்துறாரு"ன்னு சொல்லிட்டுக் காப்பி போடப் போச்சு.

நான் வாயைத் தொறந்தேன். அவன் முந்திக்கிட்டான். என் கையப் புடிச்சுக்கிட்டான். "மொதலாளி, நீங்க வருவீங்கன்னுதான் கெடக்கேன். ஒங்க நல்ல சூட்டை நான் கெடுத்துட்டேன். நுரையில்லைன்னு கண்ணு சொல்லுச்சு, நான் கேக்காம ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போனேன். மூணடி பின்னாலதான வந்தீங்க, ரெண்டடி தப்பியிருந்தா ஒங்க உசுரு போயிருக்கும். நாப்பது வருசமாக் கேக்கணும்னு இருக்கேன், வாய் வரலை. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, நான் போயிருவேன்"னான்.

கையை விட மாட்டேங்கிறான். ஒச்சம்மா காப்பியோட வாசப்படியில நிக்கிது.

நான் சொன்னேம்மா. "மன்னிச்சேன் சன்னாசி"ன்னு சொன்னேன்.

காப்பியக் குடிச்சிட்டு வந்துட்டேன். முந்தாநாள் ஒச்சம்மா போன் போட்டிருந்துச்சு. அன்னையில இருந்து அப்பா அனத்துறதே இல்லையாம், படுத்தா விடியக்காலம்தான் முழிக்கிறாராம். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்யான்னு சொல்லி அழுதுச்சு. நான் சரிம்மா, சரிம்மான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.